இருநூற்றுப் பன்னிரண்டு சம்மதங்கள்

சேந்தன் ஏரிப் பூங்காவுக்கான மக்கள் கருத்துக் கேட்பு நான்கே நிமிடத்தில் முடிந்துவிட்டது. பதினோராயிரத்துச் சொச்சம் பேரிடம் திட்டத்தை விளக்கி, அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, திருத்தி, மறுபடி கேட்டு, முடிவையும் எழுதியாகிவிட்டது. அந்த நான்கு நிமிடமும் அந்தப் பதினோராயிரம் பேரும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டோ, சோறு வடித்துக்கொண்டோ, முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டோ இருந்தார்கள். அவர்களுக்காகப் பேசியவை அவர்களுடைய பதிலிகள்.

கொற்றையூர் நகராட்சியின் பூங்காப் பிரிவில் பவளக்கொடி தன் மேஜைத் திரையில் வார்டு வார்டாக முடிவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரிக்குக் கிழக்கே இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எண்பத்தேழு விழுக்காடு சம்மதம். அங்கேகூட நாய்க்குத் தனிப் பாதை வேண்டும் என்று நூறு ஆட்சேபம். மேற்கே இருக்கும் கலிங்குமேட்டுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

வீடுகள் 212. சம்மதம் 212. ஆட்சேபம் இல்லை.

கலிங்குமேடு அவள் பிறந்து வளர்ந்த இடம். இன்றைக்கும் அக்கா வீட்டில் அங்கேதான் இருக்கிறாள். திட்டப்படி ஏரியைச் சுற்றி இரண்டரை கிலோமீட்டருக்கு நடைபாதை, சைக்கிள் தடம், வண்ணத்துப்பூச்சித் தோட்டம். எல்லாவற்றையும் சுற்றி எட்டடி வேலி. கதவு இரண்டு. இரண்டும் கிழக்குப் பக்கம்.

ஏரிக்கரை மேல் ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. கலிங்குமேட்டு ஜனம் நாற்பது வருஷமாக நடந்து நடந்து உண்டானது. அதில் போனால் பஸ் நிறுத்தத்துக்கு ஒன்பது நிமிடம். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர்கள், தையல் கம்பெனிப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் வழி. வேலி வந்துவிட்டால் பைபாஸ் ஓரமாக மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அங்கே நடக்கிறவர்களுக்கென்று ஒரு சாண் இடம் கிடையாது.

இதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு வீடும் சம்மதமா? அந்தத் தெருவில் குழாயடியில் குடம் வைக்கிற வரிசைக்குக்கூட ஒருநாளும் இரண்டு பேர் ஒத்துப்போனதில்லை.

அவள் விரல் நின்றதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பதிலிகளையும் பதிவு செய்தவள் அவள்தான்.

போன வருஷம் இந்த வேலை கிடைத்தபோது பவளக்கொடி அதை வெறும் உத்தியோகமாக நினைக்கவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்து எத்தனையோ கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்திருக்கிறது. எல்லாம் வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. கலிங்குமேட்டிலிருந்து யார் போக முடியும்? கார் வைத்திருக்கிறவர்கள் வந்து பேசுவார்கள், அவர்கள் கேட்டது நடக்கும். பதிலி வந்தால் இது மாறும் என்று திட்டத் தலைவர் நிரஞ்சன் பயிற்சி வகுப்பில் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரோடு இரண்டு மணி நேரம் பேச வேண்டும். ரேஷன் கடையில் ஆரம்பித்து பேய் பிசாசு வரை நானூறு கேள்வி. அந்தப் பேச்சை வைத்து இயந்திரம் அவரைப் போலவே யோசித்து, அவரைப் போலவே பதில் சொல்கிற ஒரு பதிலியை உண்டாக்கும். அப்புறம் எந்தக் கூட்டமானாலும் அந்த மனிதர் லீவு போட வேண்டியதில்லை. அவருடைய பதிலி போகும், பேசும்.

"கூட்டத்துக்கு வர முடியாதவங்களுக்காகத்தான் இதைச் செய்யறோம்" என்றார் நிரஞ்சன். நாற்பது வயதுக்காரர். குரல் உயர்த்தத் தெரியாதவர். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்ததை அவள் பார்த்தாள். நடிப்பு இல்லை.

கலிங்குமேட்டில் அதற்கு 'ஜெராக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். "என் ஜெராக்ஸாவது எனக்கு அடங்குமா?" என்று ஒருவருக்கொருவர் கேலி செய்துகொண்டார்கள். ஆனாலும் ஒரு வீடு விடாமல் உட்கார்ந்து பேசிக் கொடுத்தார்கள். நம்ம பவளம் கேட்கிறாள் என்பதற்காக.

பவளக்கொடி நேரே நிரஞ்சன் அறைக்குப் போனாள்.

"சார், கலிங்குமேட்டு முடிவுல ஏதோ தப்பிருக்கு."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எதை வச்சுச் சொல்றீங்க?"

"அந்த வழி இல்லாம அவங்க வேலைக்கே போக முடியாது சார். அதை மூடறதுக்கு எப்படி சம்மதிப்பாங்க?"

"யாராவது ஒருத்தரைக் கேட்டுப் பார்த்துடலாமே" என்றார். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சவங்க பேர் சொல்லுங்க."

"ஞானசுந்தரி. எங்க அக்கா."

அவர் பெயரைத் தட்டினார். ஒலிபெருக்கியில் லேசான ஒரு இருமல். அக்காவின் இருமல். ஆஸ்பத்திரித் தரைக்கு ஊற்றுகிற மருந்துத் தண்ணீர் கொடுத்தது.

"வணக்கம் ஞானசுந்தரி அம்மா. ஏரிக்கரையில பூங்கா வருது. சுத்தி வேலி போடுவோம். நீங்க போற வழி அடைபடும். மூணு கிலோமீட்டர் சுத்தித்தான் போகணும். உங்களுக்குச் சம்மதமா?"

அக்காவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "கொஞ்சம் கஷ்டந்தான் சார். பரவால்ல. நீங்க பாத்து செய்யுங்க."

நிரஞ்சன் கையை விரித்தார். "பாத்தீங்களா? எதையும் மறைக்கலை. எல்லாத்தையும் சொல்லிட்டுத்தான் கேட்கறோம்."

"சார், பாத்து செய்யுங்கன்னா சம்மதம்னு அர்த்தமில்ல."

"வேற என்ன அர்த்தம்?"

"உங்ககிட்ட எதிர்த்துப் பேச முடியாது, உங்களுக்கா மனசு வந்து ஏதாவது செஞ்சாத்தான் உண்டுன்னு அர்த்தம்."

"அதை அவங்க சொல்லலையே. நீங்கதானே சொல்றீங்க?" அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

அவள் குனிந்து ஒலிவாங்கியிடம் பேசினாள். "அக்கா, நான் பவளம். அந்த வழியை மூடிட்டா நீ எப்படி வேலைக்குப் போவே?"

"சொல்லுங்க மேடம்" என்றது அக்காவின் குரல். "எப்படியாவது போயிக்கறோம் மேடம்."

பவளக்கொடிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

பதிவு செய்கிறவர் சொந்தக்காரராகவோ பழகியவராகவோ இருந்தால் அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது, அதிகாரியாகவே நடந்துகொள்ள வேண்டும் என்பது விதி. அன்றைக்கு அவள் கழுத்தில் அடையாள அட்டையோடு போய் நின்றபோது அக்கா முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, தங்கச்சி வேலைக்கு எதுவும் வந்துவிடக் கூடாதே என்று உள்ளே போய் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து இரண்டு மணி நேரமும் மேடம் மேடம் என்றே பேசினாள். அக்கா மட்டுமா? நேற்று வரை 'ஏய் பவளம்' என்று கூப்பிட்டவர்கள் எல்லாருமே அந்த அட்டையைப் பார்த்ததும் அடக்கமாகத்தான் பேசினார்கள். ரேஷன் எப்படி? பரவால்ல மேடம். தண்ணி வருதா? வருது மேடம். குறை ஏதாவது? ஒண்ணும் இல்ல மேடம், நீங்க பாத்து செஞ்சா சரி. ஆபீஸ் ஆளிடம் எப்படிப் பேசித் தப்பிக்க வேண்டும் என்று நாற்பது வருஷமாகப் பழகிய பேச்சு அது. அவர்கள் குழாயடியில் பேசுகிற பேச்சில் ஒரு வார்த்தைகூட இயந்திரத்துக்குள் போகவில்லை. அவள் பதிவு செய்து கொடுத்தது அவர்களுடைய பயத்தை.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றார் நிரஞ்சன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். "நேரடி மறுப்புன்னு ஒரு பிரிவு வச்சிருக்கோம். முப்பது நாளைக்குள்ள யார் வேணாலும் நேர்ல வந்து, என் பதிலி சொன்னது தப்புன்னு சொல்லலாம். அதை நான் கட்டாயம் எடுத்துக்கணும். கூட்டிட்டு வாங்க."

பவளக்கொடி ஒரு வாரம் வீடு வீடாக அலைந்தாள். இந்தத் தடவை அட்டை இல்லாமல். ஜெராக்ஸ் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டதும் தெருவே கொதித்தது. மூன்று சக்கர வண்டி ஓட்டுகிற சூசை, "எவன்டி அவன் எஞ்சினீரு? கூட்டிட்டுப் போ என்னை. சட்டையப் புடிச்சுக் கேக்கறேன்" என்று குதித்தார். அறுபது வயதில் அவர் குதித்த குதியில் வேட்டி அவிழ்ந்து எல்லாரும் சிரித்தார்கள். நாற்பத்தொரு பேர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்கள். சொன்னபடியே வந்தார்கள்.

மண்டல அலுவலகத்தின் மாடிக் கூடத்தில் விசாரணை. அதற்கு எதிர்ப்புறம்தான் பட்டா கொடுக்கிற பிரிவு. கலிங்குமேட்டில் ஒரு வீட்டுக்கும் இன்னும் பட்டா வரவில்லை. படியேறும்போதே எல்லாரும் அந்தப் பலகையைப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் சொன்னார்கள். அதுவரை இருந்த பேச்சு அங்கேயே அடங்கிவிட்டது.

நிரஞ்சன் எழுந்து நின்று எல்லாரையும் வரவேற்றார். டீ கொடுக்கச் சொன்னார். ஒரு அதட்டல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படிக் கும்பிடு போடுகிறவரை என்ன செய்வது?

முதலில் சூசையைக் கூப்பிட்டார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க ஐயா. பூங்காத் திட்டத்துல உங்களுக்கு ஆட்சேபம் இருக்கா?"

சூசை தொண்டையைச் செருமினார். "பார்க்கு வரட்டும் ஐயா, வேணாங்கல. நல்லதுதான். எங்களுக்குத்தான் ஒரு வழி..." நிரஞ்சன் அக்கறையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலுக்கு எதிரே சூசையால் மேலே போக முடியவில்லை. "நீங்க படிச்சவங்க. பாத்து செய்யுங்க ஐயா."

சுவரில் இருந்த திரையில் எண் வந்தது. பதிலியோடு ஒத்துப்போகும் அளவு: தொண்ணூற்றாறு விழுக்காடு.

அடுத்தவர் தொண்ணூற்றெட்டு. அதற்கடுத்த பெண் அழுதாள். அழுதுகொண்டே, பாத்து செய்யுங்க என்றாள். தொண்ணூற்றைந்து. பவளக்கொடி கூடத்தின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் பொய் சொல்லவில்லை. இந்த ஜனங்களை இந்தக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன பேசுவார்கள் என்று அது அட்சரம் பிசகாமல் கண்டுபிடித்து வைத்திருந்தது.

இருபத்தாறாவதாக ஞானசுந்தரி வந்தாள். ஆஸ்பத்திரி நீலச் சேலையோடு, பாதி வேலையில் ஓடி வந்திருந்தாள். நிரஞ்சன் அதே கேள்வியைக் கேட்டார்.

"அந்த வழி நீங்க போட்டதில்ல சார்" என்றாள். "எங்க கால் போட்ட வழி. எம்மவ வயித்துல இருக்கறப்போ ஒம்பதாம் மாசம் வரைக்கும் அதுலதான் நடந்து வேலைக்குப் போனேன். பைபாஸ்ல போன வருசம் ரெண்டு பேரு அடிபட்டுச் செத்தாங்க. உங்களுக்குத் தெரியும்ல? அங்க போய் நடங்கன்னு சொல்றீங்க. வேலி போடுங்க, பூச்செடி வைங்க, யாரு வேணாங்கறா? எங்க பக்கம் ஒரு கதவு வைக்கறதுக்கு என்ன கேடு? அந்தப் பக்கத்து நாய்க்குப் பாதை உண்டாமே, எங்களுக்குக் கெடையாதா? என் ஜெராக்ஸ் சம்மதிச்சதுன்னா அதையே கூப்புட்டு ஆஸ்பத்திரித் தரையத் தொடைக்கச் சொல்லுங்க. நான் சம்மதிக்கல. எழுதிக்குங்க."

பின்னால் யாரோ "அப்படிக் கேளு சுந்தரி" என்றார்கள். பவளக்கொடிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடுத்து வருகிற பதினைந்து பேரும் இனிமேல் பேசிவிடுவார்கள் என்று நினைத்தாள்.

திரையில் எண் சிவப்பாக வந்தது. ஒன்பது விழுக்காடு.

எழுத்தர் நிரஞ்சன் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். நிரஞ்சனின் முகம் வாடியது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. முதல் திட்டத்துல ஒரு மனை வியாபாரி லாரி லாரியா ஆளை ஏத்திட்டு வந்து பொய்யா ஆட்சேபம் சொல்ல வச்சுட்டான். அதுக்காக ஒரு விதி போட்டிருக்கோம். அறுபதுக்குக் கீழ ஒத்துப்போனா, பேசறது உங்க சொந்தக் கருத்தான்னு விசாரிச்சே ஆகணும். இப்படிப் பேசுங்கன்னு உங்களுக்கு யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"யாரு சொல்லணும்? என் வாய் எனக்கில்லையா?"

"பதிலிகிட்ட ஆயிரம் தடவை கேட்டோம்மா. ஒரு தடவைகூட நீங்க இப்படிப் பேசலை." அவர் தயங்கினார். "தூண்டினவங்க வெளியாளா இருந்தா அபராதம். அலுவலகத்துல வேலை பாக்கறவங்களா இருந்தா வேலை போயிடும். ஆட்சேபமும் செல்லாது. விசாரணை வேணும்னா எழுதிடறேன். வேணாம்னா வாபஸ் வாங்கிக்கலாம்."

ஞானசுந்தரி தங்கை நின்ற பக்கம் திரும்பவில்லை. திரும்பக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டு நின்றது பவளக்கொடிக்குத் தெரிந்தது. அக்காவுக்குத் தினக்கூலி; அந்தக் குடும்பத்தில் மாதம் பிறந்தால் சம்பளம் என்று வருவது தங்கையுடையது ஒன்றே ஒன்றுதான். அதற்காகத்தான் அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு பக்கெட்டைத் தூக்கினாள்.

"யாரும் சொல்லல சார்" என்றாள் ஞானசுந்தரி. குரல் இறங்கிவிட்டது. "நாந்தான் தெரியாமப் பேசிட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்க பாத்து செய்யுங்க."

தொண்ணூற்றேழு.

பவளக்கொடி வாயைத் திறந்தாள். நான்தான் வீடு வீடாகப் போய்ப் பேசச் சொன்னேன், என்னை விசாரியுங்கள் என்று சொல்லத்தான் திறந்தாள். சொன்னால் வேலை போகும், ஆட்சேபமும் செல்லாமல் போகும். சொல்லாவிட்டால் வேலையாவது இருக்கும். இந்தக் கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் அக்கா கைநாட்டு வைப்பதைப் போல வேகமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். மீதிப் பதினைந்து பேரும் வரிசையில் வந்து, வணக்கம் சொல்லி, பாத்து செய்யுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

படியில் அக்காவைப் பிடித்தாள். "ஏன்க்கா வாபஸ் வாங்கினே?"

"உன் வேலை போனா அந்தக் கதவு வந்துருமாடி?"

"வராது."

"அப்ப விடு. எனக்கு மணியாச்சு."

வேலி வந்தது. பூங்கா நன்றாகத்தான் இருந்தது. மேற்குப் பக்கத்துக் குழந்தைகள் கம்பியில் முகத்தை வைத்து வண்ணத்துப்பூச்சி பார்த்தார்கள். ஆறாவது மாதம் ஞானசுந்தரி பைபாஸ் ஓரமாக நடந்துபோனபோது ஒரு சரக்கு வண்டி அவள் இடது கணுக்காலை நசுக்கிவிட்டுப் போயிற்று. உயிருக்கு ஒன்றுமில்லை. நின்று செய்கிற வேலை எதுவும் இனி முடியாது. அவள் துடைத்த ஆஸ்பத்திரியிலேயே அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். பார்க்கப் போன தங்கையிடம் அவள் அந்தக் கூடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் பவளக்கொடிக்குத் தாங்கிக்கொள்ள இலேசாக இருந்திருக்கும்.

அந்த வருஷக் கடைசியில் பூங்கா பற்றிய திருப்திக் கணக்கெடுப்பும் நடந்தது. கலிங்குமேட்டில் தொண்ணூற்றொரு விழுக்காடு திருப்தி. அதற்கும் பதிலிகளைத்தான் கேட்டார்கள்.

அடுத்து மருதன் கால்வாய்க் கரையில் பாதை போடுகிற திட்டம் வந்தது. கால்வாய் ஓரத்துச் சூளைத் தெருவில் முந்நூறு வீடுகளைப் பதிவு செய்யப் பவளக்கொடியைப் போட்டார்கள். அவள் ஒரு முடிவோடுதான் போனாள். மூன்று வாரம் தினமும் அந்தத் தெருவுக்குப் போய், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே 'வீடு பூட்டியிருந்தது' என்று பதிந்தாள். பதிலி இல்லாவிட்டால் பதிலி சம்மதிக்க முடியாது. பதிலி சம்மதிக்காவிட்டால் என்றைக்காவது ஒருநாள் மனிதர்கள் வந்து மனிதர்களைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

முந்நூறும் முடிந்த அன்று நிரஞ்சன் அவளை அழைத்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள்.

"கஷ்டமான தெருபோல இருக்கு. ஒரு வீடுகூடத் திறக்கலையா?" என்றார் பரிவாக. "பரவாயில்லை. நாம பதிவு செய்ய முடியாத இடத்துக்கு இயந்திரமே ஆள் போட்டுக்கும். அதே மாதிரி வருமானம், அதே மாதிரி வேலை இருக்கற வேற தெருப் பதிலிகளை எடுத்து நிரப்பிடும்."

"எந்தத் தெரு சார்?"

அவர் பார்த்துச் சொன்னார். "கலிங்குமேடு. நீங்க செஞ்ச பதிவுதான். இருக்கறதுலயே சுத்தமான பதிவு அதுதான்னு மேலிடத்துல பாராட்டினாங்க. எங்கெங்கே ஆள் கிடைக்கலையோ அங்கெல்லாம் இப்ப அதைத்தான் போடறாங்க. மாநிலம் முழுக்க நாற்பது ஊருக்குமேல போயிருக்கு."

எந்தெந்த ஊரில், எந்தெந்த வேலிக்கு அக்காவின் குரல் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கிறதோ. பவளக்கொடி, "இன்னும் மூணு மாசம் குடுங்க சார். சூளைத் தெருவை நானே முடிச்சுடறேன்" என்றாள்.

மறுநாள் காலை அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு முதல் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே ஒரு பெண் புருஷனைத் தெருவே கேட்கும்படி திட்டிக்கொண்டிருந்தாள். நல்ல கணீரென்ற குரல். பவளக்கொடிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது.

"அக்கா, நான் ஆபீஸ்லேர்ந்து வரேன். ஆனா என்னை ஆபீஸ் ஆளா நினைக்காதீங்க. உங்க தங்கச்சிகிட்ட பேசற மாதிரி பேசுங்க. கோவம் வந்தா என்னைத் திட்டுங்க. இந்தக் கருவி அதைக் கேட்கணும்."

அந்தப் பெண் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். கையிலிருந்த துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் மறைத்தாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நாற்காலியை வாங்கி வந்து முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

பவளக்கொடி நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பெண் பதறிப்போய், தான் அதற்கும் கீழே வாசற்படியில் இறங்கி நின்றுகொண்டாள்.

அன்றைக்கு மட்டும் எட்டு மணி நேரத்தில் நான்கு வீடு முடிந்தது. ஒருவர்கூட அவளை ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை.